இரண்டு விரல் போகும் கண்

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். எண்பத்தாறாம் ஆண்டு புரட்டாதி மாதக் கடைசியில் நான்கு நாட்கள், சோற்றில் உப்புக் குறைந்ததற்கு அம்மாவுடன் சண்டை, மிச்சச் சில்லறைக்கு பஸ் கொண்டக்டருடன் சண்டை, வழியில் படுத்திருந்த நாயுடன்கூடச் சண்டை என்று எரிந்து விழுந்துகொண்டே திரிந்தேன். யாழ்ப்பாணத்தில், சாவகச்சேரிக்குத் தெற்கே, கடனீரேரிக் கரையோரக் கிராமமொன்றில், மீனவர் சங்கக் கட்டடத்தின் உள்ளறையில் பன்னிரண்டு சாக்குக் கட்டுகள் கிடந்தன. அவற்றுக்குள் இருந்தவை பிழையான வலைகள். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் உரும்பிராய்க்காரி. வெங்காயமும் கொடிமுந்திரிகைப் பந்தலும் பார்த்து வளர்ந்தவள். விலங்கியல் படித்ததால் ஒரு மீனை அறுத்து உள்ளே இருப்பதையெல்லாம் பெயர் சொல்லிக் காட்டுவேன். அதைப் பிடிக்கத் தெரியாது. பட்டம் பெற்றுச் சும்மா இருந்த காலத்தில், வெளிநாட்டு உதவியில் நடந்த ஒரு மீன்பிடித் திட்டத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. கரைக்கு வரும் மீன்களை அளந்து கொப்பியில் எழுத வேண்டும். தொழிலாளருக்கு வேண்டிய பொருட்களுக்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். கடல் வளத்தைப் பேணியபடி தொழிலை வளர்ப்பது எங்கள் நோக்கம் என்று திட்டத்தின் தாள்களில் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். கடலும் அழியக்கூடாது, ஒரு வீட்டு அடுப்பும் அணையக்கூடாது என்று நான் அதைப் புரிந்துகொண்டேன். இரண்டையும் ஒன்றாகச் செய்வது எவ்வளவு பாடு என்பது அப்போது தெரியாது.

ஆனால் அந்தக் கிராமத்தார் திட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அதைச் செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் கடனீரேரி நிலத்துக்குள் புகுந்த சின்னக் கடல், இடுப்பளவுத் தண்ணீர். இறாலும் ஒரா மீனும் குஞ்சாக இருக்கும்போது அங்கேதான் வளரும். ஆகவே வலையின் கண்ணுக்குள் இரண்டு விரல் போகவேண்டும் என்பது சங்கத்தின் சட்டம். குஞ்சுகள் தப்பிப் போக அந்த இடம் போதும். வாடைக்காற்று தொடங்குமுன் ஒரு நாள் எல்லா வலைகளையும் கரையில் பனைகளுக்கிடையே கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். அதற்குக் கண் பார்க்கிற நாள் என்று பெயர்.

யாருடைய விரல் என்பதில் முன்பு தகராறு இருந்ததாம். சங்கத் தலைவரின் விரல்கள் வேண்டியவர்களின் வலைக்கு மெலிந்தும் வேண்டாதவர்களின் வலைக்குத் தடித்தும் போயினவாம். கடைசியில், சொந்தமாக வலை இல்லாத ஓர் ஆளின் விரல் என்று முடிவு செய்து, ஊரே அக்கா என்று கூப்பிடும் சங்கப் பொருளாளரைப் பிடித்தார்கள். ஐம்பது வயது, கரையில் மீன் எடுத்துச் சந்தையில் விற்பவர், விரல்கள் வாழைப்பழம் மாதிரி. அந்த இரண்டு விரலும் கண்ணுக்குள் இறங்கினால் வலை கடலுக்குப் போகலாம். இறங்காத வலையை ஒருவர் கடலில் போட்டார் என்று தெரிந்தால் விலக்கு: வலைக்குச் சொந்தக்காரர் ஒரு பருவம் முழுவதும் கரையில் கால் வைக்க முடியாது. கூலிக்கு இறங்கினவருக்கு விலக்கு இல்லை, சொந்தக்காரருக்குத்தான். தலைவரின் சொந்தத் தம்பியே ஒரு பருவம் சாவகச்சேரிச் சந்தையில் மூட்டை தூக்கித்தான் சீவித்தாராம்.

அந்த ஆண்டு புதிதாகப் பதினொரு குடும்பங்கள் அங்கே வந்திருந்தன. வடமராட்சிக் கரையில் பெருங்கடல் தொழில் செய்தவர்கள். யுத்தத்தால் கடலுக்குப் போகத் தடை வந்தபின் அவர்களின் வள்ளங்கள் மணலில் கிடந்து வெடித்தன. தடையை மீறிப் போனவர்களில் சிலர் திரும்பவில்லை. உறவு முறை சொல்லிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, கரையோரம் ஓலைக் கொட்டில் போட்டிருந்தார்கள். சின்னக் கடலில் இன்னும் பதினொரு குடும்பம் இறங்கினால் எல்லாரும் சேர்ந்து பட்டினி கிடக்க வேண்டியதுதான் என்று கிராமத்தில் பலர் சொன்னார்கள். மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில் சம்மதித்தார்கள், ஒரு நிபந்தனையோடு: புதியவர்களுக்குத் திட்டம் வலை கொடுக்க வேண்டும், கண் பார்க்கிற நாளில் அவ்வளவு வலையும் தேற வேண்டும். தேறாவிட்டால் பதினொரு குடும்பமும் கரையை விட்டுப் போய்விட வேண்டும். அவர்களுக்காகச் சரி என்று தலையாட்டியவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். மூன்று பிள்ளைகள், கடைசி இன்னும் பால்குடி. நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னை மிஸ் என்பார்.

விண்ணப்பத்தில் கண் அளவு என்று ஒரு கட்டம் இருந்தது. நான் கிராமத்து வலை ஒன்றை வேலியிலிருந்து எடுத்து, பள்ளிக்கூடக் காலத்து அடிமட்டத்தை ஒரு கண்ணின் ஒரு பக்கத்தில், முடிச்சிலிருந்து முடிச்சுவரை வைத்துப் பார்த்தேன். ஒன்றரை அங்குலம். அதை எழுதி, குடும்பத்துக்கொன்றும் மேலதிகமாக ஒன்றுமாகப் பன்னிரண்டு கட்டு என்று கையெழுத்து வைத்தேன். எங்கள் வீட்டுக் கோழிக்கூட்டுக்குக் கம்பிவலை வாங்கும்போது அப்பா அப்படித்தான் அளப்பார். சதுரத்தின் ஒரு பக்கம். வலை செய்கிறவர்கள் அப்படி அளப்பதில்லை. கண்ணை இரு முனையும் பிடித்து நீட்டி, எதிரெதிர் முடிச்சுகளுக்கிடையே அளப்பார்கள். அவர்களுடைய ஒன்றரை என்னுடைய முக்கால். கடற்கரையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, பட்டம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை. கிராமத்தில் ஒருவரையாவது கேட்டிருக்கலாம். உத்தியோகம் பார்க்க வந்தவள் எப்படிக் கேட்பது என்று கேட்கவில்லை. அந்தக் கொழுப்புக்கு இன்றுவரை என்னை நானே மன்னிக்கவில்லை.

லொறி வந்த அன்று அண்ணைதான் கட்டுகளை இறக்கினார். அவருடைய மனைவி எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தார். அவர்கள் இரண்டு பேரும் அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. எல்லாரும் வெளியே போனபின் ஒரு சாக்கின் மூலையைப் பிரித்து, கண்ணுக்குள் விரலை விட்டேன். ஒரு விரல் போயிற்று. இரண்டாவது போகவில்லை. இன்னொரு சாக்கு. அதிலும் அப்படித்தான். மூலையை இழுத்து மூடி, வெளியே வந்து, நின்றவர்கள் மேல் பாய்ந்தேன்.

"கண் பாக்கிற நாள் வரைக்கும் ஒருதரும் உந்த வலையளைத் தொடக்கூடாது!"

"ஓம் மிஸ், அது நியாயம்தானே" என்றார் அண்ணை.

வலை மாறி வர எப்படியும் மூன்று மாதம் ஆகும். அதற்குள் பருவம் முடிந்துவிடும். மேலதிகாரிக்குச் சொன்னால் என் வேலை போய்விடும். சங்கத்துக்குச் சொன்னால் பதினொரு குடும்பம் போய்விடும். சொல்லாவிட்டால் அக்காவின் விரல்கள் சொல்லிவிடும். பஸ்ஸில் கைதடிப் பாலம் தாண்டும்போதெல்லாம் இதையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். எந்தப் பக்கத்தாலும் வழி இல்லை. ஒருநாள் அக்கா மீன் தரம் பிரித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் குந்தியிருந்து அவருடைய விரல்களையே பார்த்தேன். கொஞ்சமாவது மெலிந்திருக்காதா என்று. வாதம் வந்து முன்னிலும் வீங்கியிருந்தன.

"என்ன பிள்ளை, என்ரை கையிலை சாத்திரம் பாக்கிறீரோ?" என்று கேட்டார் அக்கா. நான் எழுந்து போய்விட்டேன்.

அதைவிடக் கேவலமான ஒன்றையும் நினைத்தேன். அந்த யுத்த நாட்களில் அரசாங்கப் படையின் ஹெலிகொப்டர் வந்து கடலோரம் சுட்டுவிட்டுப் போவது வழக்கமாயிருந்தது. சத்தம் கேட்டால் சனம் எல்லாம் பனைகளுக்குள் ஓடும். கண் பார்க்கிற நாளில் ஒரு ஹெலி வந்தால் கூட்டம் கலைந்துவிடும், நாள் தள்ளிப் போகும் என்று நினைத்தேன். வரட்டும் என்றே நினைத்தேன். குடாநாடு முழுவதிலும் ஹெலி வரவேண்டும் என்று நேர்ந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

லொறி வந்த மூன்றாம் நாள் பின்னேரம் அண்ணை சங்கத்து வாசலில் வந்து நின்றார்.

"மிஸ், ஒரு வலையை மட்டும் முந்தித் தாறியளோ? இந்தத் தண்ணி எனக்குப் புதுசு. பழகிப் பாக்கவேணும்."

பழகுவதற்கல்ல என்று எனக்குத் தெரியும். அன்று காலை கண்ட அவர் மனைவியின் முகம் பசியில் வற்றிப் போயிருந்தது. இல்லை என்று சொல்வதென்றால் காரணம் சொல்லவேண்டும். காரணம் என் நாக்கின் நுனியில்தான் நின்றது. அதைச் சொல்லாமல், வழக்கம்போல் எரிந்து விழுந்தேன்.

"கொண்டு போங்கோ! எல்லாத்துக்கும் என்னையே கேளுங்கோ!"

அவர் ஒரு கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். நான் தடுக்கவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸால் இறங்கியபோது, கரைக்குப் போகும் ஒழுங்கைப் பாதை றோட்டில் ஏறும் மதகில் அவர் காத்திருந்தார். கையில் மீன் போடும் ஓலைப் பறி, வாயை ஈரச்சாக்கால் மூடியிருந்தது. நான் கேட்காமலே சாக்கை விலக்கினார். உள்ளே நகமளவு ஒராக் குஞ்சுகள். அரிசிக் குறுணல் போல இறால். ஒரு கடகம் நிறையக் கொட்டினாலும் ஒரு நேரக் கறிக்கு ஆகாது. விட்டிருந்தால் பொங்கலுக்கு ஊர் முழுக்கச் சாப்பிட்டிருக்கும்.

"உயிரோடை கிடந்ததுகளைத் திருப்பி விட்டிட்டன். இது செத்த மிச்சம்" என்றார்.

"கண் சின்னன் எண்டு போட்டாப் பிறகுதான் கண்டனீங்களோ?"

அவர் சாக்கைத் திரும்ப மூடினார். "இல்லை மிஸ். சாக்கை அவிழ்க்கேக்கையே கண்டிட்டன். கண்டும் போட்டனான். வீட்டிலை மூண்டு நாளாய் வெறும் கஞ்சி." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "நீங்கள் எப்ப கண்டனீங்கள்?"

"லொறி வந்த அண்டைக்கு."

கோழிக்கூட்டுக் கதையையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரித்திருந்தால் நன்றாயிருக்கும். தலையை மட்டும் ஆட்டினார். மதகடியில் தாழம்பற்றைக்குள் மணலைக் கையால் தோண்டி, குஞ்சுகளைக் கொட்டி மூடினார். நான் றோட்டில் ஆள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு களவாணிகள் மாதிரி இருந்தது. நாளைக்குச் சொல்லப்போகிறீர்களா என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

கண் பார்க்கிற நாளன்று வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஹெலி வரவில்லை. பனைகளுக்கிடையே ஊர் வலைகள் தொங்கின. அக்கா ஒவ்வொரு வலையாகப் போய், அங்கொன்று இங்கொன்றாகக் கண்களைப் பிடித்து, இரண்டு விரலையும் விட்டு எடுத்தார். பகிடியும் சிரிப்புமாக இருந்தது. இப்போது சொல், இப்போது சொல் என்று எனக்கே சொல்லிக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை.

புதியவர்களின் முறை வந்தது. அண்ணை தன் வலையைக் கொண்டுவந்து தொங்கவிட்டார். அக்கா விரலை விடுமுன் வலையை மூக்கருகில் பிடித்தார். பிறகு விரலை விட்டார். ஒன்று போயிற்று. மற்றது முடிச்சில் தட்டி நின்றது. சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது.

"உது கடலுக்குள்ளை போய் வந்த வலை" என்றார் அக்கா.

"ஓம் அக்கா" என்றார் அண்ணை. "நான்தான் போட்டனான். ஒரு தரம்."

என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. தலைவர் மற்றச் சாக்குகளைப் பிரிக்கச் சொன்னார். பிரித்தார்கள். பதினொன்றும் அதே கண். முன்பே இவர்கள் வேண்டாம் என்று நின்றவர்கள் சத்தம் போடத் தொடங்கினார்கள். விலக்கு என்றார் ஒருவர். நாளைக்கே கரையை விட்டுப் போகட்டும் என்றார் இன்னொருவர். அண்ணையின் மனைவி ஒருவரையும் பார்க்கவில்லை, அழவுமில்லை. இடுப்பிலிருந்த பிள்ளையை மணலில் இருத்திவிட்டு, வேலியில் காயப்போட்டிருந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

அந்த மடிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அவரை விடுங்கோ!" என்று கத்தினேன். கத்தியது எனக்கே அந்நியமாகக் கேட்டது. "வலை அவரின்ரை இல்லை!"

"அப்ப ஆரின்ரை?" என்று கேட்டார் அக்கா.

"என்ரை. இன்னும் ஒருதருக்கும் எழுதிக் குடுக்கேல்லை. கையெழுத்து வைச்சு எடுத்தது நான். பிழையாய் அளந்தது நான். பிழை எண்டு தெரிஞ்சும் கடலுக்குக் குடுத்துவிட்டது நான். அவர் கூலிக்கு இறங்கின ஆள் மாதிரித்தான்."

லொறியில் வந்த கட்டுகளை நான் பொறுப்பேற்ற தாளை எடுத்து நீட்டினேன். தலைவர் அதை வாங்கிப் பார்த்தார். எப்படி அளந்தேன் என்று கேட்டார். கோழிக்கூட்டைச் சொன்னபோது பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தன் விரல்களைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"வாங்காத வலைக்கு அவைக்கு எப்பிடி விலக்குப் போடுறது? அவையின்ரை வலை இன்னும் வரேல்லை. வரட்டும், வந்தாப் பிறகு பாப்பம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வலை ஆரின்ரையோ, விலக்கும் அவைக்குத்தான். வாடை முடியுமட்டும் நீர் கரைக்கு வரப்படாது, பிள்ளை."

உத்தியோகத்தர்தானே, மன்னித்து விடுவார்கள் என்று மனதின் ஒரு மூலையில் நினைத்திருந்தேன். அந்த நினைப்புக்கு நல்ல அடி. செருப்பையும் மறந்து, சுடுமணலில் நடந்து மதகுக்கு வந்தேன். மீன் அளப்பது என் வேலை. மீன் வருவது கரைக்கு. கரை இல்லையென்றால் வேலையும் இல்லை. வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போது அக்கா என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மதகு கரையிலை சேராது" என்றார். "வெள்ளிக்கிழமை பஸ்ஸாலை இறங்கி உதிலை நில்லும். மீன் உம்மிட்டை வரும்."

மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வேறு ஆள் கிடைக்கும்வரை இருக்கச் சொன்னார். யாழ்ப்பாணத்துக்கு அப்போது யார் வருவார்கள்? அந்தப் பன்னிரண்டு கட்டும் திரும்பிப் போகவும் வழியில்லாமல் கிடந்து, கடைசியில் குருவி கொத்தாமலிருக்க எங்கள் ஊர் முந்திரிகைப் பந்தல்களுக்கு வந்து சேர்ந்தன. அப்பாவும் ஒன்று கேட்டார். எங்கள் பந்தலில் மட்டும் அது ஏறக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றேன். புதியவர்களுக்கு ஊரார் ஆளுக்கொரு துண்டாகப் பழைய வலை கொடுத்தார்கள். அக்கா கொடுக்கவைத்தார் என்பதுதான் உண்மை. அவர்கள் அவற்றைப் பொத்தித் தைத்துச் சேர்த்து ஒப்பேற்றினார்கள்.

ஒவ்வொரு வெள்ளியும் மதகடியில் இறங்குவேன். அண்ணை பறியைக் கொண்டுவந்து, மீன்களை மதகுச் சீமெந்தில் வரிசையாக வைப்பார். அதே அடிமட்டத்தால் அளந்து எழுதுவேன். அங்கிருந்து பார்த்தால் பனையும் தாழையும்தான் தெரியும், தண்ணீர் தெரியாது. அந்தப் பருவம் முழுவதும் நான் கடலைக் காணவில்லை.

மார்கழியில் ஒரு வெள்ளி. பஸ்ஸால் இறங்கிக் கால்மணி நேரம் இராது, ஹெலியின் சத்தம் கேட்டது. தாழ்வாக வந்து கடனீரேரிக்கு மேலே சுற்றியது. பிறகு சுடும் சத்தம், நீளமாக, விட்டு விட்டு. அந்த நேரம் அவர்கள் எல்லாரும் இடுப்பளவுத் தண்ணீரில்தான் நிற்பார்கள், ஓடுவதற்கு இடமில்லை. வரட்டும் என்று புரட்டாதியில் நான் நினைத்தது இப்போதுதான் வந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. பைத்தியக்கார யோசனைதான். ஆனாலும் அப்படித்தான் பட்டது.

சத்தம் ஓய்ந்தது. ஒருவரும் வரவில்லை. ஒழுங்கை வாசலில் ஒரு காலை வைத்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? காலை எடுத்தேன். திரும்ப வைத்தேன். நான் விலக்கை மீறாமல் இருந்தால்தான் அவர்களும் அந்தக் கரையில் இருக்கலாம் என்று எனக்குள் ஒரு பிடிவாதம். பாவம் கழுவ வேறு வழியும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் மதகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

பனைகளுக்கிடையில் அண்ணை தெரிந்தார். தலையெல்லாம் சேறு, உடுத்திருந்த சாரம் சொட்டியது, ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் பறி.

"என்ன இவ்வளவு நேரம்?" என்று அவர் மேல் பாய்ந்தேன். "ஒரு மனுசி இஞ்சை காத்துக்கொண்டு நிக்கிறது தெரியாதோ? உங்களுக்கெல்லாம் வெள்ளிக்கிழமை எண்டால் என்ன எண்டு..."

அவர் பறியை இறக்கிவைத்தார். அன்றைக்குத்தான் முதல்தரம் என்னை மிஸ் என்று சொல்லவில்லை.

"பயந்திட்டியள், தங்கச்சி" என்றார். "எல்லாரும் கரைக்கு வந்திட்டினம். ஒருதருக்கும் ஒண்டுமில்லை."

மதகிலேயே குந்திவிட்டேன். அழுகை வந்தது, அடக்கவில்லை. அவர் மீன்களை ஒவ்வொன்றாகச் சீமெந்தில் அடுக்கினார். எல்லாம் கையகலத்து ஒரா. அளக்கப் போனேன், அடிமட்டம் கையில் நிற்கவில்லை. அவர் அதன் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டார்.